பன்னிரண்டு கழிப்பறையும் ஒரு சைபரும்

ஆவணப்படக்காரர்கள் முதல் தடவை போன் செய்தபோது கேபின் அக்கா ஏழாம் நம்பர் கழிப்பறைக்குள் மண்டி போட்டு ஒரு தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பூட்டினால் திறக்காது, வெளியேயிருந்து தள்ளினால் தானாகத் திறந்துகொள்ளும். அப்படி ஒரு வில்லங்கம் பிடித்த தாழ்ப்பாள்.

"மேடம், அந்த ஏரிக்கரை இசை விழா பத்தி மூணு பாகமா ஒரு தொடர் எடுக்கிறோம். நீங்க இல்லாம அந்தக் கதையே இல்லை" என்றது ஒரு பெண்குரல்.

"நான் பாட்டு எதுவும் பாடலையேம்மா."

"தெரியும் மேடம். நீங்கதானே கழிப்பறை?"

பதினெட்டு வருஷத் தொழிலில் அவளை யார் யாரோ என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். முகத்துக்கு நேராக நீதான் கழிப்பறை என்று இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. "ஆமா, நான்தான்" என்றாள்.

கட்டட வேலை நடக்கும் இடம், ஓட்டப்பந்தயம், பொருட்காட்சி என்று எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே போய் நிற்பவை அவளுடைய நீலநிறப் பிளாஸ்டிக் கேபின்கள். மொத்தம் பன்னிரண்டு. அவற்றை இறக்கி வைப்பது, கழுவுவது, மருந்து ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. கழிவை உறிஞ்சும் லாரியை ஓட்டுவது அவள் புருஷன். போனை எடுத்துப் பேசி ஆர்டர் பிடிப்பது அவள் தம்பி. தம்பிக்கு நாற்பது வயது, தேன் தடவிய நாக்கு. இல்லை என்ற வார்த்தை அந்த நாக்கிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. லாரியின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: 'ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாது.' போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அதைப் படித்துச் சிரித்து, விளக்கு எரியாத குற்றத்தை மன்னித்து விட்டதும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அந்த இசை விழா. மூன்று நாள், நாற்பது பாடகர்கள், ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கல் என்று விளம்பரம். பதினைந்தாயிரம் பேர் வந்தார்கள். பாடகர்கள் மட்டும் வரவில்லை. வந்த ஒரே ஒரு பெரிய பாடகரும் சேற்றைப் பார்த்துவிட்டுக் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மத்தியானம் மழை பிடித்தது. மூன்று மணிக்கு மேடைக் கூரை, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு போகிற மாமா மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. சாப்பாட்டுக் கூடாரத்தில் மிஞ்சியது ஐந்து பெட்டி காகிதக் கைக்குட்டையும் கொஞ்சம் தக்காளி சாஸும்தான். ஜெனரேட்டருக்குள் தண்ணீர் போனது. இதற்கெல்லாம் நடுவே, பதினைந்தாயிரம் வயிற்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கேபின்.

அன்று காலை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அக்கா அதன்மேல் கணக்குப் போட்டாள். ஆளுக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் மணிக்கு நூற்றெண்பது பேர். பதினைந்தாயிரம் பேரும் ஒரே ஒரு தடவை போய்வர எண்பத்துமூன்று மணி நேரம். விழாவே எழுபத்திரண்டு மணி நேரம்தான். கடைசி ஆள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது விழா முடிந்து பதினோரு மணி நேரம் ஆகியிருக்கும்.

மற்ற கம்பெனிக்காரர்களும் கேபின் கொண்டுவருவார்கள் என்று சாலையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு அடைப்பெடுக்கும் குச்சியைக் கையில் எடுத்தாள். முனையில் சிவப்பு ரப்பர் கிண்ணம் வைத்த குச்சி. அதை ஆட்டி ஆட்டி வரிசையை நான்காகப் பிரித்தாள், குறுக்கே புகுந்தவர்களை விரட்டினாள், உள்ளே போய்ப் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கதவைத் தட்டி வெளியே இழுத்தாள். "உள்ள என்ன தம்பி, பரீட்சையா எழுதுறே? பேப்பரக் குடுத்துட்டு வா!" என்று அவள் கத்தியதை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள்.

ஆவணப்படக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

இயக்குநர் முப்பது வயதுப் பெண். ஒரு பழைய கிடங்கில் திரை கட்டி, நாற்காலி போட்டு, அக்காவை உட்கார வைத்தாள். அக்கா தன் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கழற்றி வேலை உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். "கையில அந்தக் குச்சி இருந்தா நல்லா இருக்கும் மேடம்." குச்சி லாரியில் இருந்தது. புருஷன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கழுவினதுதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"உங்ககிட்ட எத்தனை கேட்டாங்க மேடம்?"

"பன்னெண்டு கேட்டாங்க. பன்னெண்டு குடுத்தோம்."

"அழகாச் சொன்னீங்க. இன்னொரு தடவை, கொஞ்சம் தூரமாப் பாத்துச் சொல்லுங்க."

அக்கா தூரமாகப் பார்த்துச் சொன்னாள். தூரத்தில் ஒரு விளக்குக்காரர் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தார். ஐந்தாவது தடவை சொல்லும்போது அவளுக்கே அது ஏதோ வேத வாக்கு போல ஒலித்தது. ஆர்டர் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தாள். தம்பியின் கோழிக் கிறுக்கலில் 'ஏரிக்கரை, 12' என்று இருந்தது. அதையும் நெருக்கத்தில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

தொடருக்கு 'சேறும் சுருதியும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் பாகம் வெளிவந்த அன்று வீட்டுக் கூடத்தில் அக்கா, புருஷன், தம்பி, தம்பி பொண்டாட்டி நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அக்கா வந்தாள், தூரமாகப் பார்த்தாள், பன்னிரண்டு கேட்டாங்க என்றாள். தம்பி பொண்டாட்டி கைதட்டினாள். அடுத்த காட்சியில் விழாவின் நிறுவனர் வந்தார். ஏரிக்கரைச் சேற்றிலும் அழுக்குப் படாமல் நடந்த வெள்ளை ஷூ இப்போதும் அவர் காலில் இருந்தது.

"நான் நூத்தி இருபது சொன்னேன். வந்து நின்னது பன்னெண்டு. ஒரு சைபர் சார். அந்த ஒரே ஒரு சைபர்தான் என் கனவைக் கவுத்துடுச்சு" என்று சொல்லி, கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறானே!" அக்கா எழுந்தே விட்டாள். "பாடகன் வராததுக்கும் சைபர்தான் காரணமா? கூரை விழுந்ததுக்கும் என் கக்கூஸ்தான் காரணமா? டேய் தம்பி, நீயே சொல்லு!"

தம்பி காலி டம்ளரை எடுத்து, அதில் இல்லாத டீயைக் குடித்தான். பதினெட்டு வருஷமாக அடைப்பெடுக்கிறவளுக்கு, எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

மறுநாள் காலை, வழக்கமில்லாமல் அவன் கேபின் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே போனாள்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அந்த வெள்ளை ஷூ எத்தனை கேட்டான்?"

"இப்ப எதுக்குக்கா அந்தப் பழங்கதை?"

"எத்தனை?"

தம்பி தண்ணீர்க் குழாயை வேறு பக்கம் திருப்பினான். "நூத்தி இருபதுன்னுதான் சொன்னாரு. ஆனா நம்மகிட்ட இருக்கிறதே பன்னெண்டு. நம்மகிட்ட வந்து எவனாவது நூத்தி இருபது கேப்பானா? வாய் தவறிச் சொல்றாருன்னு நெனச்சேன்."

"திருப்பிக் கேட்டியா?"

"கேட்டா வேற ஆள்கிட்டப் போயிடுவாரே."

"அப்ப வாய் தவறலைன்னு உனக்குத் தெரியும்."

"மொதல்ல வாய் தவறுதுன்னு நெனச்சேன். அப்புறம்..." குழாயை மூடினான். "அப்புறம் அப்படி நெனச்சுக்கிட்டா சௌகரியமா இருந்துச்சு. மத்த கம்பெனிக்காரங்ககிட்ட வாடகைக்குக் கேட்டேன்க்கா. சிரிச்சானுங்க. சரி, கூட்டத்துல எவன் வந்து எண்ணப் போறான்னு விட்டுட்டேன்."

"பதினஞ்சாயிரம் பேரும் எண்ணினாங்கடா!"

அவனை அடிக்கக் கை ஓங்கினாள். நாற்பது வயதுக்காரன், தலையில் முடி பாதி போய்விட்டது, எங்கே அடிப்பது என்று தெரியாமல் கை அப்படியே நின்றது. அவன்மேல் வந்த கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அன்று காலை அட்டையில் கணக்குப் போட்டாளே, அந்தக் கணக்கை அவள் யாரிடமும் காட்டவில்லை. நிறுவனரிடம் போய் 'இது பத்தாது, கூட்டத்தை நிறுத்துங்க' என்று சொல்லியிருக்கலாம். கேட்டது பன்னிரண்டு, கொடுத்தது பன்னிரண்டு, நமக்கென்ன என்று அட்டையை மடித்துக் கேபின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். பிறகு குச்சியைப் பிடித்து நின்றபோது, உள்ளதைச் சொன்னால், ராணி மாதிரித்தான் இருந்தது.

அந்த வாரமே இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஒரு தையற்காரப் பெண்மணி பேசினாள். நான்கு மணி நேரம் வரிசையில் நின்று, இனி தாங்காது என்று நாணல் புதருக்குப் பின்னால் போனவள், மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட அவளுடைய பழைய புகைப்படத்தைக் காட்டினார்கள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. மஞ்சள் மழைக்கோட்டு. "அம்மா, கொஞ்சம் முன்னாடி விடுங்களேன், ரொம்ப அவசரம்" என்று கெஞ்சியவள். அவள் நெஞ்சுக்கு நேரே குச்சியை நீட்டி, "எல்லாருக்கும் அவசரந்தான், இங்க யாரும் ஓவியம் வரைய வரலை" என்று சொன்னது அக்காதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்போது இனித்தது.

மறுநாள் இயக்குநருக்குப் போன் செய்தாள். மூன்றாம் பாகம் இன்னும் முடியவில்லை, வந்து பேசுங்கள் என்றார்கள். தம்பி வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"அக்கா, போயும் போயும் கேமரா முன்னாடியா? இவ்வளவு நாள் வெளிய தெரியலை இல்ல? கிணறு வெட்டப் போய்ப் பூதம் கெளம்பிடும்க்கா."

"பூதம் எப்பவோ கெளம்பிடுச்சு. வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு டிவியில உக்காந்திருக்கு."

"நீங்களாவது சொல்லுங்க மாமா."

லாரிக்குள் ஏறி உட்கார்ந்திருந்த புருஷன் யோசித்தார். "தொட்டியில எவ்வளவு நாள் வச்சிருந்தாலும் ஒரு நாள் தெறந்துதானே ஆகணும் மாப்ளே" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

அதே கிடங்கு, அதே நாற்காலி. இந்தத் தடவை குச்சி இல்லை. அக்கா தூரமாகப் பார்க்கவில்லை, நேராக இயக்குநரைப் பார்த்துச் சொன்னாள். நூற்றிருபது கேட்டது உண்மை. எங்களிடம் பன்னிரண்டுதான் இருந்தது. முடியும் என்று தலையாட்டியது என் தம்பி. கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது நான். பாட்டு வராததற்கும் கூரை விழுந்ததற்கும் அந்த ஆள் பதில் சொல்லட்டும். ஆனால் அந்த சைபர் எங்களுடையது.

மூக்கைக் குடையும் விளக்குக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார்.

"போடுவீங்க இல்ல?" என்றாள் அக்கா.

"கண்டிப்பா மேடம். உலுக்கிட்டீங்க" என்று இயக்குநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் பாகத்தில் அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை. அதற்குப் பதிலாக, அக்கா குச்சியோடு மழையில் நிற்கும் பழைய காட்சியை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் வாசித்திருந்தார்கள். ரப்பர் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. 'அத்தனை பேரும் கைவிட்டபோது, அவர் மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை' என்று எழுத்து வந்தது. அடுத்த காட்சியில் நிறுவனரின் வெள்ளை ஷூ ஒரு படிக்கட்டில் தனியாக இறங்கிப் போனது.

தம்பி துள்ளிக் குதித்தான். "பாத்தியாக்கா! கடவுளாப் பாத்து வெட்டிட்டாரு!"

அக்கா இயக்குநரைப் போனில் பிடித்தாள். "ஏம்மா, தெரியாமப் பொய் சொன்னப்ப அஞ்சு தடவை சொல்ல வச்சுப் போட்டீங்க. தெரிஞ்சு உண்மையச் சொன்னா கத்தரிச்சிட்டீங்களே?"

"மேடம், தப்பா நெனக்காதீங்க. மூணு பாகத்துக்கு ஒரு வில்லன்தான் தாங்கும். ரெண்டாவது ஒருத்தர் வந்தா ஜனங்க குழம்பிடுவாங்க. அதுவும் உங்களை எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு."

"பிடிக்கலைன்னாலும் பரவாயில்லம்மா."

"எங்களுக்கு அது பரவாயில்லைன்னு விட முடியாதே மேடம்" என்றாள் இயக்குநர். ஒளிவு மறைவில்லாமல் அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

அதற்கப்புறம் தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பஸ்ஸில் இரண்டு பெண்கள் அவளோடு படம் எடுத்துக்கொண்டு, 'பேப்பரக் குடுத்துட்டு வான்னு ஒரு தடவை சொல்லுங்க ஆன்ட்டி' என்று கெஞ்சினார்கள். கட்டட மேஸ்திரி ஒருவரிடம் அவள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். "பெரிய மனசுக்கா உங்களுக்கு, தம்பி பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க" என்று அவர் கண்கலங்கினார். திருடியவள் தானாக வந்து மாட்டிக்கொண்டாலும் விலங்கு போட ஆளில்லை என்றால் அவள் எங்கே போவாள்?

தையற்காரியிடம் போனாள்.

கடையின் பெயர்ப்பலகையை இரண்டாம் பாகத்தில் காட்டியிருந்தார்கள். வணிக வளாகத்தின் இரண்டாம் மாடி, சாவி போடுகிறவர் கடைக்கும் போன் பழுது பார்க்கிறவர் கடைக்கும் நடுவே ஓர் இடுக்கு. தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கீழே லாரியிலிருந்து இறங்க மாட்டேன் என்று அவன் இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். தனியாக ஏறினாள்.

தையற்காரி இயந்திரத்தின் மேல் குனிந்திருந்தாள். பக்கத்தில் பேன்ட்டுகள் மலைபோல் குவிந்திருந்தன. நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"குச்சி எங்க?" என்றாள்.

"கொண்டுவரலை."

"அதுவரைக்கும் நல்லது."

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சைபர், தம்பி, அட்டை, மஞ்சள் மழைக்கோட்டு. தையற்காரி இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி. இப்ப நான் என்ன பண்ணணும்? மன்னிக்கணுமா?"

"அப்படியில்ல..."

"மன்னிப்ப வச்சு நான் பட்டன் தைக்கவா? மூணு மாசம் கை மாவுக்கட்டுல இருந்துச்சு. இன்னைக்கும் குளிர் வந்தா குத்துது, பெரிய கத்தரியப் பிடிக்க முடியலை." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அது பாதியில் நின்றது. "நீங்களாவது வந்தீங்க. அந்தப் படக்காரப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? 'மேடம், கொஞ்சம் நொண்டி நடந்து காட்டுங்க'ன்னா. உடைஞ்சது கைம்மா, காலில்லன்னேன். கை உடைஞ்சது நடக்கும்போது தெரியலையாம்."

"நொண்டினீங்களா?"

"நொண்டினேன். நல்லாவே நொண்டினேன். டிவியில பாத்துட்டு எங்க மாமியாருக்கு அழுகையே வந்துடுச்சு, கால் எப்படி ஆச்சுன்னு."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள். மூக்கு வழியாக வந்துவிட்டது. தையற்காரி சிரிக்கவில்லை. ஆனால் காலால் ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"சும்மா நிக்காதீங்க, வெளிச்சத்த மறைக்குது. உக்காருங்க. இந்தாங்க." தையல் பிரிக்கும் சின்னக் கத்தியையும் ஒரு பேன்ட்டையும் மடியில் போட்டாள். "ஹோட்டல் ஆளுங்களோட சீருடை. இருபத்திரண்டு பேன்ட், எல்லாம் கால் மடிப்பு பிரிக்கணும். துணிய வெட்டாம நூல மட்டும் வெட்டுங்க. எனக்குக் கை வலிக்கிறதே இந்த வேலைக்குத்தான்."

அக்கா பிரித்தாள். எவ்வளவு பெரிய அடைப்பையும் எடுத்துவிடும் கைகளுக்கு அந்த நூல் பிடிபடவில்லை. கத்தி வழுக்கி விரலில் கீறியது. முதல் பேன்ட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"இந்த வேகத்துல போனா ஹோட்டல்காரங்க ஜட்டியோடதான் பரிமாறணும்" என்றாள் தையற்காரி.

இரண்டாவது கொஞ்சம் வேகமாக நடந்தது. மூன்றாவதில் துணியை ஓரிடத்தில் கிழித்துவிட்டாள். தையற்காரி வாங்கிப் பார்த்து, நல்ல வசவாக நாலு விட்டு, கிழிசலுக்கு அடியில் ஒட்டுத் துணி வைத்துத் தைத்து, நாலாவதைக் கொடுத்தாள். சாவிக்கடை இயந்திரம் பக்கத்தில் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அக்காவின் முதுகு வலித்தது. போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நாலு மணிக்குத் தையற்காரி இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

"அந்தச் சைபரை முழுங்கின தம்பி எங்க இருக்காரு?"

"கீழ லாரியில. மேல வர பயப்படுறான்."

"இன்னும் பதினெட்டு பேன்ட் இருக்கு. வரச் சொல்லுங்க."

அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். லாரியின் கதவு திறந்தது. தம்பி இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி மாடியை அண்ணாந்து பார்த்தான். ஒவ்வொரு படியாக அவன் ஏறி வரும் சத்தம் கேட்டது. கடை வாசலில் வந்து நின்றவன், பழக்கதோஷத்தில் தேன் நாக்கை எடுத்தான்.

"வணக்கம் மேடம். என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செஞ்சுடலாம்."

"எத்தனை செய்வீங்க?" என்றாள் தையற்காரி.

தம்பி குவியலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"ரெண்டு, மூணு முடியும்" என்றான். "எனக்குத் தையல் தெரியாது மேடம்."

"பிரிக்கத்தானே சொல்றேன்" என்று சொல்லி, அவன் உட்கார இடம் விட்டு அவள் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.